வரிசையில் ஒரு நீலக் குடம்

தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை. ஆனால் ஹில்டாவின் பச்சைக் குடத்துக்குப் பின்னால் இருந்த நீலக் குடம் கழுத்துவரை நிறைந்திருந்தது.

திருவொற்றியூரில் அந்தத் தெருவுக்கு நான்கு மணிக்குத்தான் லாரி. இரண்டு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். குடம் இல்லாதவர்கள் ஒரு கல்லை வைப்பார்கள். அடுத்தவர் இடத்தில் யாரும் கை வைப்பதில்லை. மன்னாரிலிருந்து படகேறி வந்து மூன்று மாதமே ஆன ஹில்டாவுக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது இந்த வழக்கம்தான். ஆறு மணிக்குக் கோயில், ஏழு மணிக்கு இறால் உரிக்கும் கொட்டகை, ஒரு மணிக்கு உலை, இரண்டு மணிக்குக் குடம். ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தால் கடல் நினைவுக்கு வராது என்று நம்பினாள், பாவம்.

குனிந்து பார்த்தாள். மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் நாற்றத்தையும், காயப்போட்ட கருவாட்டின் வீச்சத்தையும் மீறி, அந்தக் குடத்திலிருந்து ஆழக்கடலின் குளிர்ந்த உப்பு வாடை எழுந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே தண்ணீர், காற்றே இல்லாத அந்த மே மாத வெயிலில், படகோரத்தில் அலம்புவது போல மெல்ல அலம்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது ஆரின்ர குடம்?" என்று எதிர்வீட்டு ராஜாத்தியிடம் கேட்டாள்.

"எது? உன் கொடத்துக்குப் பின்னால என் கொடந்தான் கீது. வெயில்ல நின்னுகினு இருக்காத, வூட்டுக்குப் போ."

மறுநாள் நீலக் குடம் அவள் குடத்தை இடித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் அவள் இடத்திலேயே நின்றது. பச்சைக் குடம் சாக்கடையோரம் உருண்டு கிடந்தது.

ஹில்டாவுக்குப் புரிந்துவிட்டது. இடம் கேட்டு வந்திருக்கிறாள் சிலுவையம்மாள், ஊரில் பக்கத்து வீட்டுக்காரி. அன்று மன்னார்க் கரையில், இன்னும் ஓர் ஆள் ஏறினால் படகு தாழும் என்று படகோட்டி கத்தினான். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று படகின் விளிம்பைப் பிடித்திருந்தன நாலு விரல்கள். ஒன்றில் செம்பு மோதிரம். ஹில்டாவின் கையில் துடுப்பு, மடியில் ஆறு வயது மகள் ஜெனிற்றா. மூன்றாவது அடியில்தான் விரல்கள் விட்டன. இங்கே விசாரித்த போலீசிடம், சிலுவையம்மாளை அலை அடித்துக்கொண்டு போனது என்று சொன்னாள்.

"எவளோ உருட்டி வுட்டுட்டா," என்றாள் ராஜாத்தி. "நாளைக்கு உன் புள்ளைய கொடத்த புடிச்சிகினு நிக்க சொல்லு. புள்ள நின்னா எவளும் எடத்த தொடமாட்டா."

பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் இரண்டு மணிக்கு ஜெனிற்றா குடத்தோடு நின்றாள்.

நான்கு மணிக்கு ஹாரன் கேட்டது. ஹில்டா ஓடி வந்தபோது ஒரே தள்ளுமுள்ளு. முழங்கைகள், வசவுகள், தெறிக்கும் தண்ணீர். புடவைகளுக்கு நடுவே பச்சைக் குடத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

விளிம்பில் நாலு விரல்கள்.

ஊறி வெளுத்தவை. செம்பு மோதிரம்.

இடம்பிடிக்க யாரோ வைத்திருந்த கல்லை எடுத்தாள்.

"விடு."

ஓர் அடி. எலும்பு நொறுங்கியது.

"இது என்ர பிள்ளையின்ர இடம். விடு."

இரண்டு. குடத்துக்குள் ரத்தம் வழிந்தது.

மூன்று.

விரல்கள் விட்டன.

ராஜாத்தி பின்னாலிருந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். "அடிப்பாவி, உன் புள்ளடி அது."

பெண்கள் விலகினார்கள். நொறுங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெனிற்றா நின்றாள். அழவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை. மெல்லத் தலையைத் திருப்பித் தன் தோளைப் பார்த்தாள்.

அங்கே நாலு விரல்கள், ஒன்றில் செம்பு மோதிரம். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவளை இறுகப் பிடித்திருந்தன.