குழாயம்மன்

இளவெயினி காலையில் எழுதி அனுப்பிய காட்சியில் குழந்தை செத்துப்போனது. மாலை ஒளிபரப்பில் அது எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது.

கதைத்தறி மாற்றிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தறி வந்த பிறகு, தான் எழுதியதை எழுதியபடியே திரையில் பார்த்த எழுத்தாளர் யாரும் இல்லை. நாடகம் பார்க்கிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நாடிப்பட்டை இருக்கும். சிரித்தாலும் அழுதாலும் அலுத்தாலும் அது உடனே தறிக்குச் சொல்லிவிடும். நடிகர்களின் முகத்தையும் குரலையும் முன்பே உள்ளே வாங்கி வைத்திருக்கும் தறி, எந்த உணர்ச்சி அதிக நேரம் நின்றதோ அந்தப் பக்கமாகக் கதையை நெய்துகொண்டே போகும். இப்படியாக நாட்டில் அலுப்பு ஒழிந்தது. கூடவே வேறு சிலவும் ஒழிந்தன. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

'குழாயம்மன்' ஒரு சிரிப்பு நாடகம். பல வருடமாக வறண்டு கிடந்த தெருக்குழாயில் ஒருநாள் தண்ணீர் சொட்டுகிறது. கீழே உடைந்த சாக்கடைதான் குழாய்க்குள் கசிந்து சொட்டுகிறது. ஆனால் ஒரு கவுன்சிலரும், வேலையில்லாத ஒரு போலிப் பூசாரியும், தண்ணீர்ப் புட்டி விற்கும் குத்தகைக்காரர் ஒருவரும் சேர்ந்து குழாய்க்குப் பாவாடை கட்டி அம்மனாக்கிவிடுகிறார்கள். முதல் வாரங்களில் ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

இளவெயினி அதை எழுதியது சிரிப்பதற்காக அல்ல. அவள் அம்மா சர்க்கரை நோயில் இறந்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. வேப்பமரத்தில் பால் வடிகிறது, இனி ஊசி வேண்டாம் என்று வீடு தேடி வந்து சொன்ன நாலு பேரைப் பற்றிச் சான்றிதழ் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களைத்தான் அவள் நாடகத்துக்குள் இழுத்து வந்து நிறுத்தியிருந்தாள்.

குழந்தை பிழைத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். குழாயடியில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற பெண்ணின் முகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அது அவளுடைய முகம்.

தயாரிப்பாளர் ரித்திக் அண்ணாச்சியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

“என் மூஞ்சி எப்படி அண்ணாச்சி அதுல வந்துச்சு?”

“பூஜையன்னைக்கு எடுத்ததும்மா. கேமரா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? ஓடுனது எல்லாத்தையும் தறிக்குக் குடுத்துருவோம்லா.”

படப்பிடிப்பு என்றால் முதல் நாள் பூஜை உண்டு. பூசணிக்காய் உடைக்காமல், கற்பூரம் காட்டாமல் இந்த ஊரில் எவனும் கேமராவைத் தொடமாட்டான். அன்று முதல் காட்சியே குழாய்தான். அதனால் கலை இயக்குநரின் ஆட்கள் செய்த ஃபைபர் குழாய்க்கே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தீபம் காட்டினார்கள். கேலி செய்யப்போகிற சாமிக்கே கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கேலியைத் தொடங்கினார்கள்! யாருக்கும் அது உறைக்கவில்லை. தட்டு சுற்றி வந்தபோது இளவெயினியும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பழக்கம். ஒரு நிமிடம் கண்ணை மூடி, நோயில் கிடந்த தங்கையை நினைத்தாள்.

“நடிகைங்க கும்பிட்டா பட்டை அசையவே மாட்டேங்கு,” என்றார் அண்ணாச்சி. “நீ கும்பிட்டே பாரு, ஊரு பூரா கையும் ஒண்ணா துடிச்சுது. சிரிப்பு வரும், உடனே போயிரும். இது நிக்கும்மா.”

“இது கேலி நாடகம் அண்ணாச்சி.”

“கேலி பண்ணு. நான் வேண்டாம்னா சொன்னேன்? சனம்லா வேண்டாங்குது.”

“எங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா. அதனாலதான் உன்கிட்ட குடுத்தேன். கோவத்துல எழுதினா நல்லா எழுதுவேன்னு.”

இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

ஆடி மாதம் வந்தது. செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்த படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் மஞ்சள் சேலைகள் நிறைந்தன. யாரோ அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சி ஊற்றினார்கள். அண்ணாச்சி அரங்கக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய் வாசலிலேயே நட்டார். லாரித் தண்ணீரை மோட்டார் வைத்துச் சொட்டவிட்டு, புட்டியில் பிடித்து விற்றார். “கொதிக்க வைக்காதீங்க, சக்தி போயிடும்” என்று அவருடைய ஆட்கள் கூவினார்கள். நாடகத்தில் குத்தகைக்காரருக்காக இளவெயினி எழுதிய வசனம் அது. அப்போது அதற்கு ஊரே சிரித்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. கொதிக்க வைக்கவும் இல்லை.

தங்கை நறுமுகைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ்தான் அவளுக்கு உயிர். அவள் வரவில்லை என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்ததும் இளவெயினி வீட்டுக்கு ஓடினாள். மேசைமேல் புட்டிகள் நின்றன.

“ஏன்டி போகல?”

“கால் வீக்கம் வடிஞ்ச மாதிரி இருக்குக்கா.”

வடியவில்லை. அமுக்கினால் விரல் பதிந்தது.

“அது லாரித் தண்ணிடி. நான் எழுதின பொய்.”

“நீ கும்பிட்டதும் பொய்யா?”

இளவெயினி புட்டிகளை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

“உன் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கா? எனக்காகத்தான் கும்பிட்டே. அது நடிப்புன்னு என் தலையில அடிச்சுச் சொல்லு, இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரேன்.”

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தலையில் கை வைத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் அவளால் பொய்யென்று சொல்ல முடியவில்லை. கும்பிட்டது நிஜம், குழாய்தான் பொய் என்று விளக்கிப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வித்தியாசம் ஏறவில்லை. உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

“சரி,” என்றாள் இளவெயினி. “அம்மன் என்கிட்ட பேசினா. டயாலிசிஸை விடக்கூடாதுன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னா. அந்த மிஷினுக்குள்ளயும் நான்தான் இருக்கேன்னா.”

தன் போலிப் பூசாரிக்குக்கூட இத்தனை மலிவான வசனத்தை அவள் எழுதியதில்லை. நறுமுகை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

இரண்டு வாரத்தில் நறுமுகை தேறினாள். நேரே தளத்தின் வாசலுக்குப் போய், அம்மன் வாக்குப்படி டயாலிசிஸ் செய்து பிழைத்த கதையை அழுதுகொண்டே எல்லாருக்கும் சொன்னாள். வாசல் கேமராக்கள் அதைத் தறிக்குக் கொண்டுபோயின. அன்று மாலையே நாடகத்தில் ஒரு தங்கை பிழைத்தாள். டயாலிசிஸ் இல்லை. ஊசியும் குழலும் காட்டினால் பட்டைகள் சோர்ந்துவிடும் என்று தறிக்குத் தெரியும். அக்கா கும்பிட்டாள், தண்ணீர் சொட்டியது, தங்கை எழுந்தாள். அவ்வளவுதான் கதை.

அடுத்த வாரம் நறுமுகையைக் கூட்டிப் போனபோது டயாலிசிஸ் பிரிவில் பாதிக் கட்டில்கள் காலியாக இருந்தன. நறுமுகையின் கையில் ஊசி ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நர்ஸ் நகர்ந்தாள். எதிர்க் கட்டிலின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த வயதான பெண் எழுந்து வந்தாள்.

“நீங்கதானேம்மா அது? என் பேரு ஹர்ஷிதா. அந்தக் கட்டில் என் வீட்டுக்காரரோடது. இப்ப உங்க ஸ்டுடியோ வாசல்ல படுத்திருக்காரு. ஒரு வாரமா இங்க வரல.”

இளவெயினி குரலைத் தாழ்த்தினாள். “டயாலிசிஸ் பண்ணிக்கச் சொல்லி அம்மன் சொல்லுதுன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“சொன்னேனே! அது அவங்க தங்கச்சிக்கு வந்த வாக்கு, எனக்கு வரட்டும்ங்கறாரு. அங்க எல்லாரும் அப்படித்தான் காத்துக் கெடக்கறாங்க.” அவள் பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். “எனக்கு வாக்கு வேணாம்மா. அது நாடகம்தான், அது வெறும் தண்ணிதான்னு உங்க வாயால ஒருதடவை சொல்லுங்க. படம் பிடிச்சுக் கொண்டுபோய்க் காட்டறேன். உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் போனாரு. நீங்களே சொன்னா எழுந்து வந்துடுவாரு.”

அம்மா செத்த நாளிலிருந்து இளவெயினி சொல்லத் தவித்த வார்த்தை அது. அதைச் சொல்லச் சொல்லி ஒருத்தி முதல்முறையாகக் கெஞ்சுகிறாள்.

நறுமுகை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இல்லாத கை மெல்ல வந்து, மற்ற கையில் ஊசியைப் பிடித்திருந்த பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னும் பிய்க்கவில்லை. காத்திருந்தது.

“குழாயம்மன் சத்தியமானவம்மா,” என்றாள் இளவெயினி. “நம்பிக்கையோட இருங்க.”

நறுமுகையின் கை பிளாஸ்திரியை விட்டது.

ஹர்ஷிதா போனைத் தாழ்த்தினாள். பிறகு அதைப் பைக்குள் வைத்தாள்.

“அப்ப நான்தான் நம்பாம அவரைத் திட்டிட்டே இருந்துட்டேன் போல,” என்றாள். வீட்டுக்காரருக்காக எதிர்க் கட்டிலில் விரித்து வைத்திருந்த போர்வையை உதறி மடித்தாள். இளவெயினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, போர்வையோடு அவர் படுத்திருக்கும் வாசலுக்குக் கிளம்பினாள்.