உள்ளேயிருந்து ஓர் இணைப்பு

வெளியே போகும் கேபிளைக் கழற்றிய பிறகும் டேட்டாபேஸுக்குள் யாரோ ஒருவர் இருந்தார்.

பவித்ரன் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. இந்த நேரத்தில் டேட்டாபேஸோடு யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தான். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று அவன். மற்றதில் பயனர் பெயராக 'டிரெஸர்' என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். வெளியே மழை. சித்தியவான் சாலையிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் மண்பாதையின் கடைசியில் இருந்தது அவன் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் டயாலிசிஸ் நிலையம். ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் அதே கட்டடம்தான் தோட்டத்து ஆஸ்பத்திரி. தரைக்கு ஓடு பதித்து, ஏர்கான் போட்டு, நோயாளிகளுக்குச் சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவரிலிருந்து புளித்த ரப்பர் பாலின் வாடை கிளம்பும். மரங்களை வெட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

சர்வரின் டிஸ்க் வெள்ளிக்கிழமை செத்துப்போனது. ஒவ்வொரு நோயாளியின் உடம்பிலிருந்தும் எவ்வளவு தண்ணீரை இறக்க வேண்டும் என்ற கணக்கு அதில்தான் இருந்தது. கூடுதலாக இறக்கினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். குறைத்தால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். அதனால் நிர்வாகி குலசிங்கம் சனிக்கிழமைச் சிகிச்சையை நிறுத்திவிட்டார். நிறுத்தப்பட்டவர்களில் ஆறாம் நாற்காலிக்காரர் தர்மேந்திரன், பவித்ரனின் சொந்த அண்ணன். புந்தோங்கில் உள்ள வீட்டில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறார். திங்கள் காலையும் தவறினால் தாங்கமாட்டார்.

புது டிஸ்க் போட்டு, லினக்ஸ் ஏற்றி, மதியமே பேக்கேஜ் வழியாக டேட்டாபேஸை நிறுவிவிட்டான். பேக்கேஜ் என்பது கடையில் தொங்கும் ஆயத்தச் சட்டை. யாரோ எங்கோ ஊருக்கெல்லாம் பொதுவான அளவில் தைத்து, பொத்தான் வைத்து, மடித்துக் கொடுத்தது, போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். மூலநிரலிலிருந்து கட்டுவது துணி எடுத்துத் தைப்பது. நேரம் பிடிக்கும். ஆனால் கை நீளம் இவ்வளவு, கழுத்து அகலம் இவ்வளவு என்று நாமே சொல்லலாம். ஒவ்வொரு தையலையும் பிரித்துப் பார்க்கலாம். இப்படி விளக்குவது பவித்ரனுக்குப் பிடித்த வேலை. கேட்க ஆள் இல்லாவிட்டால் தனக்கே சொல்லிக்கொள்வான்.

ஆயத்தச் சட்டை சேரவில்லை. மீட்டெடுத்த பழைய தரவைப் பார்த்ததும், அளவு ஒத்துவரவில்லை என்று டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுத்தது. அவனுக்கு முன்பு இங்கே வேலை பார்த்த சீனிக்குப் போன் போட்டான்.

"ஓடாதுலா மச்சான்," என்றான் சீனி. பினாங்கில் எங்கோ சாப்பாட்டுக் கடைச் சத்தம். "அது நான் சோர்ஸ்ல இருந்து கட்டினது. டிஸ்க்ல எழுதுற பிளாக் இருக்குல்ல, அத ரெட்டிப்பாக்கித்தான் கட்டினேன்."

"ஏன்டா?"

"வேகமா ஓடும்னு எவனோ சொன்னான். அப்ப சின்ன வயசு, எதையும் சும்மா விட மனசு வராது."

"ஓடுச்சா?"

"இல்ல."

"ஒரு வார்த்தை எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கலாம்ல."

"ஒட்டியிருந்தா நீ எனக்குப் போன் பண்ணுவியா? மறந்தே போயிருப்ப."

மூலநிரலைப் பவித்ரனே இறக்கினான். வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்த்தான். கட்டுவதற்கு முன் அது இயந்திரத்தைக் கேள்வி கேட்கும்: இந்தக் கருவி உன்னிடம் இருக்கிறதா, அந்த நூலகம் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் இருக்கு, இருக்கு என்று பதில் ஓடியது. பிறகு கோப்பு கோப்பாகக் கட்ட ஆரம்பித்தது. சர்வரின் விசிறி உறுமியது. கூரையில் மழை உறுமியது. அவன் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கட்டி முடிந்ததும் பழைய தரவைக் காட்டினான். டேட்டாபேஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்தது. அண்ணனின் பெயரைத் தேடிப் பார்த்தான், இருந்தது. அதற்குப் பிறகுதான், கதவைச் சாத்தும் முன் வீட்டை ஒருமுறை பார்ப்பதுபோல், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டான்.

டிரெஸர்.

வெளியிலிருந்து வந்தவரென்றால் முகவரி பதிவாகும், தபாலில் அனுப்பியவர் விலாசம்போல. அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காலி என்றால் நெட்வொர்க் வழியாக வரவில்லை. இதே இயந்திரத்துக்குள் இருந்துகொண்டு பேசுகிறார். கேபிளைக் கழற்றினாலும் போகாதது அதனால்தான். ஒரு வேலையைத் தொடங்கி, முடிக்காமல், அடுத்தவர் கைவைக்க முடியாதபடி ஒரே ஒரு வரியைப் பூட்டி வைத்துக் காத்திருந்தார்.

ஆறாம் நாற்காலியின் வரி.

குலசிங்கத்துக்குப் போன் போட்டான்.

"டிரெஸர் என்டு ஆருக்காவது கணக்குக் குடுத்திருக்கா என்டோ கேக்கிறீர்?" அவர் நிதானமாகத்தான் பேசுவார். "இல்லைத் தம்பி. தோட்டக் காலத்தில இந்த ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிறவரை அப்பிடித்தான் கூப்பிடுவினம். டொக்டர் மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவார். மற்ற நாளெல்லாம் அவர்தான் எல்லாம்."

"நல்ல மனுசனா சார்?"

குலசிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"அவரிட்ட விரும்பிப் போன சனம் குறைவு," என்றார். "நாளைக்குச் சரிவருமோ?"

சரிவரும் என்றான் பவித்ரன். அந்த இணைப்பைத் துண்டிக்கும் கட்டளையைக் கொடுத்தான். வரி மறைந்தது. மூச்சு விட்டான். மறுபடி கேட்டான். இருந்தது. துண்டித்தான். இருந்தது. புதிதாக வந்தவர்போல் இல்லை. எழுப்பிவிட்டாலும் அதே இடத்தில் வந்து உட்காருகிறவர்போல்.

பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்கு விளக்கத் தொடங்கினான். இயந்திரத்தில் தானாக எதுவும் நடக்காது. ஓடும் ஒவ்வொன்றையும் இன்னொன்று தொடங்கியிருக்கும். தொடங்கியதைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனால் கடைசியில் ஓர் ஆள் கிடைப்பான். இந்த லினக்ஸ் இன்று மதியம் பிறந்தது. இதன் ஒவ்வொரு தையலையும் அவனே பார்த்திருக்கிறான். பிடித்துக்கொண்டு போனான். டேட்டாபேஸ் இணைப்பு. அதைத் தொடங்கிய நிரல். அதைத் தொடங்கிய உள்நுழைவு. அந்த உள்நுழைவு எங்கிருந்து?

சர்வரின் சொந்தத் திரையிலிருந்து. அதன் சொந்த விசைப்பலகையிலிருந்து.

சர்வர் பக்கத்து அறையில் இருந்தது. முன்பு மருந்து கொடுக்கும் அறை. மருந்து நீட்டும் சாளரம் இருந்த இடத்தில் இப்போது செங்கல். பவித்ரன் அதைப் பூட்டிவிட்டு இங்கே வரவேற்பறையில் உட்கார்ந்து லேப்டாப் வழியாக வேலை செய்துகொண்டிருந்தான். சாவி அவன் சட்டைப் பையில். விசைப்பலகை, லினக்ஸ் ஏற்றி முடித்ததும் கழற்றி, வயரைச் சுற்றி, அவன் காலடியில் இருந்த பைக்குள் போட்டது.

குனிந்து பார்த்தான். பைக்குள் இருந்தது.

மழை சற்று ஓய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்தார்கள்.

ஒற்றை விரலால். ஓர் எழுத்து. தேடல். இன்னோர் எழுத்து. பழக்கமில்லாதவர் கை. அவசரமும் இல்லாத கை.

எழுந்து ஓடியிருப்பான். கால் அசைந்தது. ஆனால் திரையில் டிரெஸரின் வரி மாறியது. காத்திருப்பு என்று இருந்தது, இயக்கம் என்றானது. பூட்டு விடுபட்டது. ஆறாம் நாற்காலியின் வரியைக் கேட்டான்.

சிகிச்சை: தொடங்கியது.

அது வெறும் எழுத்து. டேட்டாபேஸில் என்ன எழுதினாலும் டயாலிசிஸ் இயந்திரம் தானாக ஓடாது. இரத்தம் போகும் குழாயை மாட்ட வேண்டும். ஊசி போட வேண்டும். இயந்திரத்தின் பொத்தானை ஓர் ஆள் கையால் அழுத்த வேண்டும். அதை அவன் தனக்குச் சொல்லி முடிக்கும் முன்னே, இருட்டிக் கிடந்த கூடத்திலிருந்து பம்ப் சுற்றும் சத்தம் வந்தது. நனைந்த செருப்பு நடப்பதுபோல் ஒரு சத்தம். சப். சப். சப்.

கூடத்துக்குப் போனான். விளக்கைத் தேடவில்லை. தேவைப்படவில்லை. வரிசையில் ஒரே ஒரு இயந்திரத்தின் முகப்பு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

ஆறாம் நாற்காலி சாய்க்கப்பட்டிருந்தது. மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. குழாய்கள் இரண்டும் கைப்பிடிக்கு மேலே, ஒரு கையின் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தன. முடிந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எதன்மேலோ வளைந்து.

குழாய்கள் சிவப்பாக இருந்தன. சிவப்பு நகர்ந்தது.

போன் அதிர்ந்தது. அண்ணி புஷ்பலதா.

"தம்பி, அண்ணன் டீவி பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. திடீர்னு கை சில்லுன்னு ஆயிருச்சு. உதடு வெளுத்துப் போச்சு. கூப்பிட்டா கண்ண மட்டும் திறக்குறாரு." அழவில்லை, அழுவதற்குக்கூட நேரமில்லாத குரல். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நான் என்ன செய்யட்டும், தம்பி?"

பவித்ரனின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. பாதியில் நிறுத்தினால் வெளியே இருக்கும் இரத்தம் வெளியேயே நின்று உறைந்துவிடும். முதலில் அதை உப்புத்தண்ணீர் விட்டு உடம்புக்குள் தள்ள வேண்டும். நர்ஸ் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறான். எந்தக் கவ்வியை முதலில் மூடுவது, எதைத் திறப்பது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

குழாயைத் தொட்டான்.

சூடு. அண்ணனின் நெற்றிச் சூடு.

பின்னால் பூட்டிய அறையில் விசை ஒன்று அழுந்தியது. தேடல். இன்னொன்று அழுந்தியது. இயந்திரத்தின் முகப்பில், இறக்க வேண்டிய தண்ணீரின் அளவுக்குப் பின்னால், இன்னும் ஒரு பூச்சியம் வந்து உட்கார்ந்து அதைப் பத்து மடங்காக்கியது.

"தம்பி," என்றாள் அண்ணி. "இருக்கீங்களா?"

பம்ப் வேகமெடுத்தது.