காபி டப்பாவில் பட்டை வண்டுகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மூக்குக் கண்ணாடியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாது. அதைவிடப் பெரிய சத்தியம் என்னிடம் இல்லை.

அந்தக் கோடையில் எங்கள் பின்லாந்துக் காட்டில் பட்டை வண்டுகள் பெருகிவிட்டன. அரிசிமணி அளவுதான் இருக்கும். ஆனால் ஊசியிலை மரத்தின் பட்டைக்குள் புகுந்து குடைந்தே மரத்தைக் கொன்றுவிடும். அவை மெல்லும் சத்தத்தில் தூக்கம் கெட்டு, கொம்பு மான் ஒன்று என் கதவைத் தட்டியது. காதில் வைக்கப் பஞ்சு கேட்டது. கொடுத்தேன்.

காட்டைக் கவனிக்கும் அதிகாரி ராய்லி, என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொறியைத் தொங்கவிட்டாள். அதன் வாசனைக்கு வண்டுகள் தாமே வந்து விழும். பக்கத்து வீட்டு ஹில்லா, வயது ஒன்பது, சனிக்கிழமைதோறும் அதைக் காலி செய்வாள். ராய்லி வந்து வண்டுகளைக் கண்ணாடிக் குவளையில் கொட்டி அளப்பாள். குவளையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால், வண்டு பரவாமல் இருக்கச் சுற்றியுள்ள நோஞ்சான் மரங்களை வெட்டியாக வேண்டும்.

அவற்றில் மிகவும் நோஞ்சான் மரத்தின் பொந்தில்தான் ஒரு பறக்கும் அணில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. ஹில்லா தினமும் அதற்குக் காலை வணக்கம் சொல்லுவாள்.

ஒரு சனிக்கிழமை பொறியின் பெட்டி உடைந்துவிட்டது. ஹில்லா வண்டுகளை ஒரு காபி டப்பாவில் கொட்டி என் மேசையில் வைத்தாள். எங்கள் ஊரில் ஆணி, பொத்தான், மண்புழு எல்லாம் காபி டப்பாவில்தான் இருக்கும். சில சமயம் காபியும் இருக்கும். ராய்லியை அழைத்துவர அவள் படகுத்துறைக்குப் போனாள். ராய்லியோ சாலை வழியாக வந்துவிட்டாள்.

காபி கொடுக்காமல் விருந்தாளியிடம் பேச்சைத் தொடங்குவது எங்களிடம் வழக்கமில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடாமலே டப்பாவைத் திறந்தேன். பழுப்பாக, கரகரவென்று இருந்தது. திடமாக இருக்கட்டும் என்று முழுவதையும் போட்டுக் கொதிக்கவைத்தேன்.

ராய்லி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்டாள். மூன்றாவது கோப்பையை ஊற்றும்போது ஹில்லா வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

“ஊர்ஹோ மாமா, என்ன காய்ச்சுனீங்க?”

“காபி.”

“காபிக்கு ஆறு கால் இருக்குமா?”

ராய்லி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. எங்கள் ஊரில் கோபம் வர ஒரு வாரம் ஆகும். வடிகட்டியில் தங்கியதை அள்ளிக் குவளையில் போட்டாள். சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு விரல் உயரம் நின்றது. வெட்டவேண்டிய மரத்தில் அடையாளம் போடும் நீலச் சாயத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

நான் ஹில்லாவின் காதில், “ரெண்டு கரண்டிய எடுத்துப் பூந்தொட்டியில போட்டுட்டா யாருக்குத் தெரியும்?” என்றேன்.

“எனக்குத் தெரியுமே. பொய்க் கணக்குச் சொன்னா வண்டு பரவிடும். அப்புறம் அணிலுக்குக் காடே இருக்காது” என்றாள்.

பிறகு ஒரு வண்டை விரலில் எடுத்துப் பார்த்தாள். கஞ்சியில் விழுந்த திராட்சைபோல அது உப்பியிருந்தது.

“ராய்லி அக்கா, இது தண்ணி குடிச்சு ஊதியிருக்கு. எப்பவும் காஞ்ச வண்டத்தானே அளப்பீங்க? காயவச்சு அளங்க.”

ராய்லி யோசித்தாள். சாயத்தைக் கீழே வைத்தாள்.

வேர்வைக் குளியல் எடுக்கும் சவுனா அறையில் அடுப்பை மூட்டி, மேல் பலகையில் வண்டுகளைப் பரப்பினோம். பழக்கதோஷத்தில் நான் ஆவி கிளப்பச் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது என்று வாளியை ஹில்லா பிடுங்கிக்கொண்டாள். வண்டுகளுக்குத் துணையாக நானும் உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது நானும் காய்ந்து சுருங்கிப்போய், கால்சட்டையைக் கயிற்றால் கட்டவேண்டியிருந்தது.

மறுபடி அளந்தார்கள். ராய்லி குவளையை ஒருமுறை தட்டினாள். வண்டுகள் அமுங்கின. கோட்டுக்குக் கீழே, ஒரு நகத்தின் அகலம்.

“மரம் இருக்கட்டும். அடுத்த வாரமும் அளப்போம்” என்றாள் ராய்லி. “காபிய மட்டும் நானே கொண்டாறேன்.”

ஹில்லா பொந்தை நோக்கி ஓடினாள். தூக்கக் கலக்கத்தோடு மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன.

சொல்ல மறந்துவிட்டேன். அந்த வருடம் மே முதல் அக்டோபர்வரை நான் ஊரிலேயே இல்லை, ஐஸ்லாந்துப் பக்கம் ஒரு மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.