அரைப்பேர்

தெமோதரை ஸ்டேஷனில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. தண்டவாளத்தைக் கடந்து, தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் நடந்தேன். பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், ஈயச் சுருள், ஒரு பென்சில்.

பகலில் எனக்குப் பதுளையில் மாமாவின் மணிக்கூட்டுக் கடையில் வேலை. மாலையில் ரேடியோ திருத்தும் வகுப்பு. அங்கே பக்கத்து மேசை ரெங்கசாமி அண்ணனுடையது. தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை முடித்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்ததும் தினமும் ஒரே கேள்வி: "தம்பி, ஈயம் இருக்கா?" நானும் தலையைத் தூக்காமலே "இருக்கு" என்று சுருளை நீட்டுவேன்.

இரண்டு வாரமாக அவர் வகுப்புக்கு வரவில்லை. வீடியோ கேம் ஒன்று பழுதாகிவிட்டது, உடனே வரவேண்டும் என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கேமுக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடுகள்தான் லயம். அங்கே சத்தமே இல்லை. காம்பராக்களின் கதவுகளெல்லாம் பூட்டியிருந்தன. கடைசிக் காம்பராவைத் தவிர வேறெங்கும் அடுப்புப் புகை இல்லை. நாய் இல்லை. மழையில் நனைந்த மண்ணோடு இன்னொரு வாடையும் கலந்திருந்தது. இறைச்சிக்கடை வாடை என்று முதலில் எழுதினேன். அப்போதே அப்படித் தோன்றியதா, பிறகு தோன்றியதா என்பது இப்போது நிச்சயமில்லை.

கடைசிக் காம்பராவின் கதவைத் திறந்தவர் ரெங்கசாமி அண்ணனின் மனைவி மாரியாயி. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். நான் முஸ்லிம் என்பதால் அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க நானா. பிளேன்டி ஊத்தவா? இவரு வகுப்புல ஈயம் கேக்கறதத் தவிர வேற ஏதாச்சும் படிச்சாரா?"

"அவர்தான் எங்கள எல்லாரையும் விடக் கெட்டிக்காரர்," என்றேன்.

"அப்ப ஏன் உங்களக் கூப்பிட்டாராம்?"

அவர் சிரித்தார். அடுப்பருகே குந்தியிருந்த ரெங்கசாமி அண்ணன் சிரிக்கவில்லை. கையிலிருந்ததை என்னிடம் நீட்டினார்.

சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கேம். ஊரைவிட்டுப் போன தோட்டத்து உதவி அதிகாரி, சின்னத்துரை, விட்டுச்சென்றதாம். போன வருஷம் பதுளையில் கூட்டம் அலைமோத ஓடிய வெளிநாட்டுப் படத்தின் மிருகம் மூடியில் அச்சாகியிருந்தது. நானும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். சேற்றிலிருந்து எழும் ராட்சதம், தான் விழுங்கிய ஆளின் குரலிலேயே அடுத்த ஆளைக் கூப்பிடும். தியேட்டரில் அதற்கு எல்லோரும் சிரித்தோம்.

சாம்பல் நிறத் திரையில், பாறை ஓரத்தில் சின்னஞ்சிறு பொம்மை மனிதர்கள் தொங்குகிறார்கள். மேலேயிருந்து மிருகத்தின் வாய் இறங்குகிறது. கீழே ஓர் ஓடம். இடது பொத்தானையும் வலது பொத்தானையும் அழுத்தி ஓடத்தை நகர்த்தி, விழுகிறவர்களைப் பிடிக்க வேண்டும்.

"வீரய்யா கங்காணிதான் ஆரம்பிச்சாரு," என்றார் ரெங்கசாமி அண்ணன். "காலையில பெரட்டுல ஆள் எடுப்பாரே, அதே மாதிரி இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்து பேரு கூப்பிடுவாரு. இருக்கேங்கன்னு சொன்னா ஒரு பொம்ம நமக்கு."

"சிரிச்சுச் சிரிச்சு வயித்த வலிச்சிச்சு," என்றார் மாரியாயி.

"கங்காணி பொம்மய மிருகம் முழுங்கிச்சு. மறுநாள் அவரு தண்ணிக் கானுக்குள்ள கெடந்தாரு. நெஞ்சுக்கூடு பொளந்து. சிறுத்தன்னாங்க." அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "பொதச்ச அன்னிக்கு அந்தியில, வெளியில கங்காணி கொரலு கூப்பிடுது. மாடசாமின்னு. அவனும் பழக்கதோஷத்துல இருக்கேங்கன்னுட்டான்."

"தல மட்டும் கெடச்சிச்சு," என்றார் மாரியாயி. பிளேன்டிக் கோப்பையை என் முன் வைத்தார்.

"இங்கேயிருந்து போயிருக்கலாமே?"

"போனவங்கள போன எடத்துலயே வந்து கூப்பிட்டுச்சு. எல்ல டவுன்ல ஒருத்தன், பண்டாரவளையில ஒருத்தி. பொம்ம இதுக்குள்ளதானே நிக்குது தம்பி." அவர் திரையின் இடது ஓரத்தைத் தொட்டார். "இது இவ. வாய் இறங்கிட்டே இருக்கு. ஓடத்தக் கொண்டு போனா இவ பொழச்சா. ஆனா இடது பொத்தான் செத்துப் போச்சு."

"பற்றரிய முதல்ல கழட்டுவம்."

"கழட்டி ஆத்துல எறிஞ்சு ஒரு வாரமாச்சு."

கேம் என் உள்ளங்கையில் 'பீப்' என்றது.

எதையும் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான் வகுப்பில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். நிறுத்துவதற்கு இங்கே எதுவும் இல்லை. பற்றரிக் குழி வெறுமையாக இருந்தது. ஒரு திருகாணியைத் தவறவிட்டு, தரையில் தடவித் தேடினேன். பொத்தானுக்கு அடியிலிருந்த ரப்பர் துண்டு தேய்ந்து வழுவழுத்திருந்தது. பென்சில் முனையை அதில் அழுத்தித் தேய்த்துக் கரியேற்றினேன். போதுமா என்று தெரியவில்லை. இன்னொரு முறை தேய்த்தேன். மூடினேன்.

ரெங்கசாமி அண்ணன் இடது பொத்தானை அழுத்தினார்.

ஓடம் நகர்ந்தது.

வாய் மூடுவதற்குச் சற்று முன் பொம்மை விழுந்தது. ஓடத்துக்குள் விழுந்தது. திரை வெளுத்து, முதன்முறையாக வெறுமையானது. அவர் கேமை அடுப்புக்கல்லின் மேல் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இதுக்குப் போயி அழுவாங்களா," என்றார் மாரியாயி. அவரும் அழுதார்.

அப்போதுதான் வெளியே கேட்டது.

"பெரட்டு."

புகையிலையில் கரகரத்த கிழட்டுக் குரல். இஸ்தோப்புத் திண்ணைக்கு அப்பால், மூடுபனிக்குள்ளிருந்து.

அழுகை நின்றது.

"ரெங்கசாமி."

அவர் உதட்டைக் கடித்தார். மோவாயில் இரத்தம் வழிந்தது.

"மாரியாயி."

தோட்டத்தில் பேர் பதிந்த நாள்முதல் ஒவ்வொரு விடியலிலும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"இருக்கே—"

ரெங்கசாமி அண்ணன் பாய்ந்து மாரியாயியின் வாயைப் பொத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவது கேட்டது. மாரியாயி மெல்ல அவர் கையை விலக்கினார்.

"முழுசாச் சொல்லலங்க. பாதிதானே சொன்னேன்." கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். "கொழுந்து கொறஞ்சா கங்காணி முழு நாள் பேரு போடாம பாதிக் கூலிதானே போடுவாரு, அது மாதிரி. அரைப்பேரு."

கூரைத் தகரம் கிழிந்தது.

உருவம் எதையும் நான் பார்க்கவில்லை. கிழிந்த ஓட்டையில் இருட்டைவிடக் கறுப்பாக ஒன்று இறங்கியது. சேற்று நாற்றம். சூடான மூச்சு. அது மாரியாயியைத் தலையோடும் தோளோடும் கவ்வித் தூக்கியது. ரெங்கசாமி அண்ணன் கால்களைக் கட்டிப் பிடித்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். மாரியாயியின் குதிகால் என் வாயில் மோதிப் பல்லை உடைத்தது. மேலே அவர் அலறுவது எதற்குள்ளிருந்தோ கேட்பது போல அமுங்கிக் கேட்டது.

ஈரச் சாக்கைக் கிழிக்கும் சத்தம். பிறகு எலும்பு.

நாங்கள் மல்லாந்து விழுந்தோம். பாரம் எங்கள் கையில்தான் இருந்தது.

பாதிப் பாரம்.

இடுப்புக்குக் கீழே மட்டும். கால்விரல்கள் இன்னும் மடங்கி விரிந்தன. இரத்தம் அடுப்புக்குள் ஓடி நெருப்பை அணைத்தது. அடுப்புக்கல்லின் மேல் கேம் தானாக வெளிச்சமிட்டது. ஓடத்தில் ஒரு பொம்மையின் கால்கள் மட்டும் நின்றன.

ரெங்கசாமி அண்ணன் எழுந்து கொடியிலிருந்து ஒரு சேலையை இழுத்தார். அந்தக் கால்களைச் சேலையால் மூடினார். மூடிக்கொண்டிருக்கும்போதே கூரை ஓட்டையிலிருந்து மாரியாயியின் குரல் வந்தது.

"ரெங்கசாமி."

அவர் நிமிர்ந்தார்.

"அவ இல்ல தம்பி," என்று என் காதுக்குள் சொன்னார். "கல்யாணம் கட்டுனதுல இருந்து ஒரு தடவகூட அவ என் பேரச் சொன்னதில்ல. வாயத் தொறக்காதீங்க. ஓடுங்க."

மேலே அமைதி. யோசிப்பது போன்ற அமைதி.

பிறகு, பாயில் பக்கத்தில் படுத்திருப்பவள் கூப்பிடுவது போல, மெதுவாக:

"ஏங்க..."

அவர் முகம் உடைந்தது.

"வந்துட்டேன் புள்ள," என்றார்.

சுவரோடு சேர்த்து அவரை எடுத்தது. என் முகத்தில் தெறித்ததைத் தவிர அவரில் எதுவும் மிஞ்சவில்லை. முழுப்பேர்.

நான் ஓடினேன். ஸ்டேஷன் வரை எப்படி வந்தேன் என்று தெரியாது. சிறுத்தை என்றுதான் பொலிஸிலும் சொன்னார்கள். அதிர்ச்சியில் கண்டதையெல்லாம் சொல்கிறேன் என்றார் மாமா. சில காலைகளில் நானும் அதை நம்புகிறேன். இல்லாவிட்டால் இந்த வாரம் மறுபடி வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன்.

இன்று மாலை போனேன். ரெங்கசாமி அண்ணனின் மேசையில் இத்ரூஸ் என்ற புதுப் பையன். பழைய ரேடியோ ஒன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈயம் உருக்கும் அயனைச் சூடாக்கினேன். ஜன்னலுக்கு வெளியே பதுளை பஸ் நிலையத்தின் இரைச்சல். எல்லாம் வழக்கம்போல இருந்தது.

எங்கள் மாடி வகுப்புக்கு ஏறும் மரப்படிகளுக்குக் கீழே ஏதோ 'பீப்' என்றது.

ஈர மண் வாடை ஏறி வந்தது.

"தம்பி," என்றது படிக்கட்டிலிருந்து எனக்குத் தெரிந்த குரல். "ஈயம் இருக்கா?"

என் இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். நாக்கு உள்ளே அந்தச் சொல்லுக்காக அசைவது எனக்கே தெரிந்தது.

இத்ரூஸ் தலையைத் தூக்கவில்லை. ஈயச் சுருளை எடுத்து, வாசல் பக்கம் கையை நீட்டினான்.

"இருக்கு," என்றான். "மேல வாங்க."