கடைசித் தாள்

முதல் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். "தலை பத்திரம் சார்" என்று கடைக்காரர் சொல்வதற்குள் எனக்கு நன்றாக இடித்துவிட்டது. யாராயிருந்தாலும் இடித்த பிறகுதான் அவர் சொல்வார் போலிருக்கிறது.

நான் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எழுதுகிறவன். நகரத்தின் சிறந்த பத்துப் பழைய புத்தகக் கடைகளைத் தேடிப் பிடித்து எழுதும்படி ஆசிரியர் சொன்னபோது கரும்பு தின்னக் கூலியா என்று கிளம்பிவிட்டேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் என்பாள் மனைவி. எட்டு வயது மகளோ தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"கடைக்கு ஒரு புக்கு. மறந்துட்டு வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவன் நான்தான்.

பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். படிப்பதற்காக அல்ல. தாள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. ஒருமுறை ஏமாந்தால் போதும், வாழ்நாள் முழுக்க இந்தப் பழக்கம் விடாது.

வாயாடிக்கு ஒரு யானைக் கதை எடுத்தேன். கடைசித் தாள் இருந்தது. எனக்கென்று ஒரு பயணக் கதையை எடுத்தேன். கடைசித் தாள் இல்லை. அடுத்ததில் பார்த்தேன், இல்லை. மூன்றாவதிலும் இல்லை. பழுப்பேறிய தாளில் புதுக் கிழிசல் பளிச்சென்று தெரியும். தையலை ஒட்டி நிதானமாகக் கிழித்திருந்தார்கள்.

"காலையில நானே பாத்து அடுக்கினேன் சார்," என்று படிக்கட்டுக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எலியா இருக்கும்."

"கடைசிப் பக்கத்தை மட்டும் தின்னுற எலியா?"

"படிச்ச எலி சார்."

இருவரும் சிரித்தோம்.

இரண்டாவது கடையிலும் அப்படித்தான். நான் கையில் எடுத்த ஏழு புத்தகங்களில் ஏழுக்கும் முடிவு இல்லை. நான் தொடாத அலமாரியிலிருந்து இன்னொருவர் எடுத்த புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். அதில் தாள் பத்திரமாக இருந்தது. கடைக்காரரிடம் எதையும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். சொன்னால் கிழித்தவன் நான்தான் என்பார்.

மூன்றாவது கடை முன்பு கார் நிறுத்தும் கொட்டகையாக இருந்ததாம். தரையில் இன்னும் எண்ணெய்க் கறை தெரிந்தது. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண் அதை நடத்திவந்தார். அன்று மாலை நான்கு மணிக்கே மழை இருட்டிவிட்டது. தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நான் பின்வரிசையில் நின்று ஒரு கனமான நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

கிழிசல்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மூக்கடைப்புக்குத் தடவும் தைலம். யாரோ இப்போதுதான் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அலமாரிகளைத் தவிர யாரும் இல்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா, எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"சார், உங்ககூட வந்த பொண்ணுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. இங்க தூசி ஜாஸ்தி. வெளிய காத்தாட உக்காரச் சொல்லுங்க."

"நான் தனியாத்தான் வந்தேன்."

அக்கா தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குச் சற்றுப் பின்னால் பார்த்தார்.

"அப்போ அந்த விசில் சத்தம்?"

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அது யாருடைய சத்தம் என்று தெரிந்துவிட்டது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கும் தெரியாது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். பிறந்ததிலிருந்தே இளைப்பு. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்கும். அதனால் நான் அவளை விசில் என்றே கூப்பிடுவேன். படுத்தே கிடந்ததால் புத்தகம்தான் அவளுக்கு உலகம், அதிலும் துப்பறியும் கதைகள். நிறுத்திய இடத்தில் பக்கத்தின் மூலையை இரண்டு மடிப்பாக மடித்துவைப்பாள். ஒரு மடிப்பு அவிழ்ந்துவிடுமாம்.

பதினைந்து வருடத்துக்கு முன் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் ஒரு கொலைக் கதை வைத்திருந்தாள். அவள் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசித் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் கத்தினாள். கத்த மூச்சு இல்லாமல் சிரித்தாள்.

"கொலைகாரன் யாருன்னு தெரிய வேண்டாமா? வேணும்னா வீட்டுக்கு வந்து வாங்கிக்க," என்றேன்.

சீக்கிரம் தேறி வருவாள் என்று நினைத்துத்தான் செய்தேன். விளையாட்டு வினையாயிற்று. நான்காம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆனால் அவள் எதையும் வாங்கிக்கொள்கிற நிலையில் இல்லை.

அவளுடைய புத்தகங்களைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்கு அழுகை வந்தது. ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அகராதிக்குள் வைத்தேன். வீடு மாறினேன், கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. தாள் அகராதியை விட்டு நகரவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒரு நாளும் படித்ததில்லை. அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பிடிவாதம்.

அன்று கொட்டகைக் கடையிலிருந்து வீட்டுக்குப் போனதும் அகராதியைத் திறந்தேன். தாளின் மூலை இரண்டு மடிப்பாக மடிந்திருந்தது.

நான் மடிக்கவில்லை.

அவளுக்கு முடிவு தெரிய வேண்டும். அதற்காகத்தான் நான் எடுத்த ஒவ்வொரு புத்தகத்திலும் தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை, ஏனென்றால் தாள் என்னிடம் இருந்தது. அவளுடைய புத்தகத்தைக் கண்டுபிடித்துத் தாளை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு கட்டுரையாவது மண்ணாவது. மறுநாள் நான்காவது கடையில் மூன்று மணிநேரம் மூட்டை மூட்டையாகப் பிரித்தேன். கிடைக்கவில்லை. கொட்டகை அக்காவுக்கு போன் செய்தேன்.

"பழைய துப்பறியும் கதைன்னா பல் டாக்டர் வீட்டுக்குப் போங்க," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "சார், அந்தப் பொண்ணு... சரியாயிடுச்சா?"

போனை வைத்துவிட்டேன்.

ஐந்தாவது கடை நிஜமாகவே ஒரு பல் மருத்துவரின் வீடு. ஓய்வு பெற்றபின் முன்னறைகளைப் புத்தகக் கடையாக்கிவிட்டார். பல் பிடுங்கிய நாற்காலி இன்னும் நடுக்கூடத்தில் இருந்தது. வருகிறவர்கள் அதில் சாய்ந்து படிக்கலாம்.

"பயப்படாம உக்காருங்க, வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர்.

"துப்பறியும் கதைகள் எங்க இருக்கு சார்?"

"இருட்டறையில. முன்னாடி எக்ஸ்ரே படம் கழுவின இடம். கொலைக் கதைக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு அந்தச் சிவப்பு பல்பைக்கூட மாத்தல."

அது ஜன்னல் இல்லாத அறை. கதவு தானாகவே மூடிக்கொண்டது. வெளியே பட்டப்பகல் மூன்று மணி, உள்ளே அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும். பழைய மருந்துத் தண்ணீரின் புளிப்பு வாடை சுவரில் ஊறியிருந்தது. நாலு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை மலிவுப் பதிப்புகள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

கீழ்த்தட்டில் கிடைத்தது. அட்டை இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. "பெண்கள் வார்டு, கட்டில் 14. திருடுபவர் கண்டிப்பாகக் கொலை செய்யப்படுவார்." நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன். அப்போது எங்களுக்கு அது பெரிய நகைச்சுவை.

பக்கங்களைப் புரட்டினேன். இருபதில் ஒரு இரட்டை மடிப்பு, அறுபதில் ஒன்று, நூற்றுப் பத்தில் ஒன்று. எல்லாம் பழைய மடிப்புகள், விரல் பட்டாலே உடைந்துவிடும்போல் இருந்தன. நூற்று எண்பத்தொன்றில் ஒரு மடிப்பு. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாக நிறுத்தியது அங்கேதான். அதற்கு மேல் படிக்க அவளுக்கு நாள் இல்லை.

அதற்கு மேலும் மடிப்புகள் இருந்தன.

நூற்றுத் தொண்ணூறு. இருநூற்று நாலு. இருநூற்றுப் பதினைந்து.

எல்லாம் புது மடிப்புகள்.

கடைசி மடிப்பு இருநூற்று இருபத்திரண்டில் இருந்தது. அதற்குப் பிறகு என் கிழிசல்.

சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த தாளை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும், கிழித்த கைதானே வைக்கிறது.

"இந்தா," என்றேன்.

சிவப்பு பல்பு அணைந்தது.

தைல வாசனை வந்தது.

இம்முறை எனக்கும் கேட்டது. வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. உள்ளே போகும்போது விசில், வெளியே வரும்போது விசில். என் கையிலிருந்த புத்தகத்தை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் அது கொஞ்சம் கனத்தது, இன்னொரு கையும் அதைத் தாங்கிக்கொண்டதுபோல.

ஒரு பக்கம் படிக்கிற நேரம் ஆனது. தாள் திரும்பியது. இன்னொரு பக்கம் படிக்கிற நேரம்.

மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. கொலைகாரனை முன்பே சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அப்படித்தான் சிரிப்பாள்.

"என்னை மன்னிச்சிடு," என்றேன்.

"நீ படிச்சியா அண்ணா?"

"இல்ல."

"உனக்கு வேணுமா?"

பதினைந்து வருடம் கேட்காத குரல். அழுகை வந்தது. கூடவே பயமும். அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது. அதை மறைக்க முடியாது, அவ்வளவு பயந்துபோயிருந்தேன்.

"வேண்டாம். நீயே வச்சுக்க."

தாள் சரசரவென்று உருவப்படும் சத்தம் கேட்டது. பிறகு வெளிச்சம் வந்தது. புத்தகம் என் கையில் இருந்தது. தாள் இல்லை.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து டாக்டர், "என்ன சார், பல் பிடுங்கின மாதிரி முகம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. வலித்த பல் ஒன்று போய்விட்ட ஆறுதல். போகிற போக்கில் அவர் அலமாரியிலிருந்து நாலைந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசித் தாள் இருந்தது. வாயாடிக்கு ஒரு மாயக்குதிரைக் கதை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் வேகமாக நடந்து ஐந்தரைக்கெல்லாம் வீடு சேர்ந்தேன்.

மனைவி சமையலறையில் இருந்தாள். வாயாடி தன் அறையில் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையில் எதையோ அடைத்துக்கொண்டிருந்தாள். மாற்று உடுப்பு, துண்டு, பல் துலக்கும் பிரஷ், ஒரு தம்ளர்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை அப்படித்தான் இருக்கும்.

"எங்கடா செல்லம் கிளம்பிட்ட?"

அவள் யானைக் கதையைத் தூக்கிக் காட்டினாள். நானே பார்த்து வாங்கியது. கடைசித் தாள் தையலை ஒட்டி நிதானமாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

"யானை அம்மாகிட்டப் போச்சான்னு தெரியல. அத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

தனக்கு ஒரு நாத்தனார் இருந்தாள் என்று மனைவிக்கே தெரியாது. வீட்டில் தங்கையின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

"எந்த அத்தை?" என்று கேட்டேன்.

"அத்தைதான். அப்பாகிட்டக் கேட்டாங்களாம், அப்பா வேண்டாம்னுட்டாராம். உனக்கு வேணும்னா வந்து வாங்கிக்கன்னு சொன்னாங்க."

பையைப் பிடுங்கி எறிந்தேன். அவளைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டேன். உடம்பு லேசாகச் சுட்டது. தைலம் மணத்தது.

"எங்க வரச் சொன்னாங்க? சொல்லும்மா, எங்க?"

பதில் சொல்வதற்காக வாயாடி மூச்சை இழுத்தாள்.

உள்ளே போன மூச்சில் மெல்லிய விசில் கேட்டது.