நேரம் சொல்லாத அழைப்பு

அன்று மூடுபனி எத்தனை மணிக்கு விலகியது என்பதில் எனக்கு இன்றும் நிச்சயமில்லை. ஏழரைக்கு என்று என் குறிப்பில் இருக்கிறது. ஒன்பது வரை விலகவே இல்லை என்கிறாள் யெசேனியா. அப்போது நான் அல்மேரா டிவி நிலையத்தில், வெளியாட்களிடம் செய்தி வீடியோ வாங்கும் மேசையில் இருந்தேன். இதில் பாதி நான் கண்டது, பாதி அவள் சொன்னது. எது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. கீழே வரும் நேரங்களை மட்டும் போலீஸ் கோப்பிலிருந்து எடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 11, வியாழன். காலை 6.09.

அவென்யூ 112-ம் முப்பத்துநான்காம் ரோடும் சந்திக்கும் இடத்தில் ஒரு பால் டேங்கர் எதன் மீதோ ஏறி நின்றது. ஓட்டியவன் ரோகெலியோ பாரகான், இருபத்தாறு வயது. இறங்கி, கைபேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்துப் பார்த்தான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் கிடந்தான். பக்கத்தில் ஒரு வீடியோ கேமரா உடையாமல் இருந்தது. இருபதடி தள்ளி ஒரு வேன், எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது.

முதலில் அவசர எண்ணை அழைத்தான். பிறகு அக்கா யெசேனியாவை.

யெசேனியா அப்போது நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த ஒரு பிக்கப் வண்டியைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலுக்கு வந்து அவளுக்கு ஐந்து வாரம்தான். ஸ்கேனர் ரேடியோ, பழைய கேமரா, அலைவரிசைகள் எழுதிய ஒரு நோட்டு, இவ்வளவுதான் முதலீடு. போலீசும் தீயணைப்பும் பேசுவதைக் கேட்க வேண்டும், டிவிக்காரர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், எடுத்ததை விற்க வேண்டும். ஐந்து வாரத்தில் மூன்று வீடியோ விற்றிருந்தாள். அதற்கு முன் ஏழு வருஷம் அவள் அந்த ரேடியோவின் மறுமுனையில் இருந்தவள். அவசர அழைப்பு மையத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொன்ன குரல் அவளுடையது.

தம்பியின் அழைப்பு வந்ததும் கேமராவை இருக்கையில் போட்டுவிட்டு ஓட்டினாள்.

செத்தவர் ஆர்வில் டாக்கெட். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சமவெளியில் விபத்துகளைப் படமெடுத்தவர்.

8.40. போலீஸ் நிலையம்.

சார்ஜென்ட் அவிலா குரலை உயர்த்தாத மனிதர்.

"எவ்வளவு வேகத்துல வந்த?"

"இருபத்தஞ்சு மைல் சார்."

"அந்தப் பனியில இருபத்தஞ்சே அதிகம்."

"பண்ணையில ஆறரைக்குள்ள வரச் சொல்லியிருந்தாங்க சார்."

"போன் பேசினியா?"

"இல்ல சார்."

"அவர் குறுக்க ஓடி வந்தாரா?"

ரோகெலியோ கைகளைப் பார்த்தபடி இருந்தான். "அவர் ஓடல சார். நிக்கக்கூட இல்ல. ஏற்கனவே படுத்துக் கெடந்தாரு. நான் பாக்கறதுக்குள்ள..."

அவிலா பேனாவை மூடினார். நம்பவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

வெளியே வராந்தாவில் யெசேனியாவிடம் அவர் சொன்னார்: "கவனக்குறைவால மரணம்னு சாயங்காலம் வழக்குப் பதியணும். ஆறு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். உங்ககிட்ட மறைக்க விரும்பல."

"ஆர்வில் எதுக்கு அங்க போனாரு சார்? அங்க விபத்து எதுவும் இல்லையே."

"அதான் எனக்கும் புரியல. மையத்துப் பதிவுல அந்த இடத்துக்கு ஒரு அழைப்பும் இல்ல."

ஆர்விலோடு பழகிய இருவரை ஏற்கனவே வரவழைத்திருந்தார்கள். இருவருக்கும் அதே தொழில். குர்தீப் சந்து, ஐம்பது வயது, தலைப்பாகைக்குக் கீழே எப்போதும் தூக்கம் போதாத கண்கள். ஒரு வாய்க்கால் விபத்தின் வீடியோவை ஆர்வில் திருடிவிட்டதாகச் சொல்லி, அவரோடு போன மாதம் கைகலப்பு வரை போனவர். இன்னொருவன் வேட் கெமரர், முப்பத்தைந்து வயது, எங்கள் நிலையத்துக்கு அதிகம் விற்பவன். இருவரும் காலையில் தத்தம் வேனில் தனியாக இருந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பனியில் யாரையும் யாரும் பார்த்திருக்க முடியாது.

வேட் அவளைப் பார்த்ததும் எழுந்தான். "வா மகாராணி. தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"சும்மா இரு வேட்," என்றார் சந்து. "நேத்து வரைக்கும் இவ இன்னும் ஒரு மாசத்துல ஓடிடுவான்னு பந்தயம் கட்டினவன் நீ. நீ உக்காரு தங்கச்சி, தண்ணி குடி."

யெசேனியா உட்காரவில்லை. முந்தின நாள் டோனட் கடை வாசலில் கேட்டது நினைவுக்கு வந்தது. அப்போதும் இதே பனி. காப்பியோடு வெளியே வந்தபோது வேன்களுக்கு நடுவிலிருந்து ஆர்விலின் குரல்: "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. இவள் இன்னும் நாலடி நடந்திருந்தால் தெரிந்திருக்கும். நடக்கவில்லை.

11.30.

அவிலா அவளை உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு மடிக்கணினி.

"ஆர்வில் வேன்ல முன்கண்ணாடிக் கேமரா இருந்துச்சு. வெளிய வெறும் வெள்ளைதான். ஆனா உள்ள சத்தம் பதிவாயிருக்கு. பழைய பஞ்சாலைப் பக்கம் வழக்கம்போல நிறுத்தியிருக்கார். அஞ்சு அம்பத்தொண்ணுக்கு ஸ்கேனர்ல இது வருது. நீங்க மையத்துல இருந்தவங்க. யார் குரல்னு சொல்லுங்க."

அழுத்தினார்.

*ஐந்தாம் வண்டி. அவென்யூ நூத்திப் பன்னெண்டு, முப்பத்துநாலாம் ரோடு. கார் மின்கம்பத்துல மோதியிருக்கு. உள்ள ஒருத்தர் மாட்டியிருக்கார். இந்தச் சேனல்லயே பதில் சொல்லுங்க.*

ஒரு கரகரப்பு. பிறகு ஆர்வில் வேனைக் கிளப்பும் ஓசை.

யெசேனியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். ரேடியோவில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அவள் சொல்வதை யாரும் மறுக்கப்போவதில்லை.

"என் குரல்," என்றாள்.

அவிலா நிமிர்ந்தார். "உங்க குரல். உங்க தம்பி லாரி."

"ஆமா சார்."

"இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"இன்னொரு தடவை போடுங்க."

மூன்று முறை போட்டார். மூன்றாம் முறை அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"இது இன்னிக்குப் பேசினது இல்ல சார். யாரோ பழசைப் பதிவு பண்ணி வச்சு, கை ரேடியோவுல பக்கத்துல இருந்து ஒலிபரப்பியிருக்காங்க. ஆர்வில் ஸ்கேனருக்கு மட்டும் எட்டற தூரம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கடைசியில நேரம் இல்ல. எந்த அழைப்பா இருந்தாலும் முடிக்கும்போது மணி சொல்லணும். ஏழு வருஷத்துல நான் ஒரு தடவைகூட விட்டதில்ல. அது இருந்தா பழசுன்னு தெரிஞ்சுடும்னு வெட்டியிருக்கான்."

"எல்லாரும் உங்க குரலைக் கேட்டிருக்காங்க. யார் வேணா பதிவு பண்ணியிருக்கலாம்."

"ஆமா," என்றாள். விலாசம் மறக்காமல் இருக்க ஸ்கேனரைப் பதிவு செய்துகொண்டே வண்டி ஓட்டுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். அவளும் செய்கிறாள்.

ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் அவளை விடவில்லை. அதை எப்போது சொன்னாள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பதினோரு மாதமாக அது அவளோடு படுத்து அவளோடு எழுந்திருக்கிறது. ஜனவரி பதினேழு, இதே சந்திப்பு. இருபத்தொரு வயது டேனிலோ ஃபகுண்டஸ் காருக்குள் எரிந்து செத்தான். அந்தத் தீயின் வீடியோ, எடுத்தவர் பெயர் இல்லாமல் டிவியிலும் ஓடியது. தீயணைப்பு வண்டி போய்ச் சேரப் பத்தொன்பது நிமிடம் ஆனது. அவள் வேலையை விட்டது அந்தப் பத்தொன்பது நிமிடத்தால்தான்.

"மையத்துல ஜனவரி பதினேழு பதிவைக் கேளுங்க சார்," என்றாள். "அன்னிக்கு ரேடியோ கோபுரம் எத்தனை மணிக்குப் படுத்துச்சுன்னும் கேளுங்க."

2.15.

பதில் வந்தது. அவிலா படித்துவிட்டுக் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரு பொய் சொல்லணும். ஜனவரி பதினேழு வீடியோவை உண்மையில எடுத்தது ஆர்வில்தான்னு சொல்லுங்க. கொலையைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம்."

"இதுல என்ன வரப்போகுது?"

"இந்தத் தொழில்ல இருக்கறவன் எதை வேணா பொறுத்துக்குவான் சார். தான் எடுத்ததை வேற ஒருத்தன் எடுத்தான்னு சொன்னா மட்டும் பொறுக்க மாட்டான்."

3.40.

சந்துவும் வேட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யெசேனியா கதவோரம் நின்றாள். அவிலா காகிதங்களைப் புரட்டியபடி, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஆர்வில் நல்ல வேலைக்காரர். அந்த ஜனவரித் தீ வீடியோகூட அவர் எடுத்ததுதானாமே. நாடு முழுக்க ஓடுச்சு."

சந்து நெற்றியைச் சுருக்கினார். "அது ஆர்விலா? எனக்குத் தெரியலையே. அன்னிக்கு என் ஸ்கேனர் செத்த மாதிரி கெடந்தது. டிவியில பாத்துத்தான் எனக்கே தெரியும்."

"ஆர்விலா?" வேட் சிரித்தான். "யார் சார் சொன்னது? அது என்னோடது."

"அவர் வீட்டுல அதோட பிரதி இருக்கு."

"பிரதி இருக்கும். அந்தப் பையனுக்கு அஞ்சலி நிகழ்ச்சி தயாரிக்கச் சொல்லி டிவிக்காரங்க அவரைக் கேட்டாங்க, மூலத்தை அப்படியே அவருகிட்ட நான்தான் குடுத்தேன். எடுத்தது நான்."

"அவர்தான் முதல்ல போய்ச் சேர்ந்தார்னு சொல்றாங்க."

"அவரால எப்படி சார் போயிருக்க முடியும்?" வேட் மேசை மேல் கை ஊன்றினான். "அன்னிக்கு மலை மேல கோபுரம் அவுட். பெரிய சேனல் மொத்தமும் ஊமை. மாற்றுச் சேனல்லதான் கூப்பிட்டாங்க, பதினொண்ணாவது. அந்த அலைவரிசை இந்த ஊர்ல ஒருத்தன்கிட்டயும் கெடையாது. நான் ஒருத்தன்தான் தேடிப் பிடிச்சு வச்சிருந்தேன். ஆர்வில் தூங்கிட்டிருந்தாரு. இந்தா, இவரும் தூங்கிட்டிருந்தாரு. கேட்டது நான் ஒருத்தன்!"

அவிலா காகிதங்களைப் புரட்டுவதை நிறுத்தினார்.

"ஒருத்தன்தான்," என்றாள் யெசேனியா.

வேட் திரும்பினான்.

"பெரிய சேனல்ல யாரும் 'இந்தச் சேனல்லயே பதில் சொல்லுங்க'ன்னு சொல்ல மாட்டாங்க, வேட். சொல்ல அவசியமே இல்ல. ஏழு வருஷத்துல நான் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். கோபுரம் அஞ்சு முப்பத்திரண்டுக்குப் போச்சு, ஆறு இருபதுக்கு வந்துச்சு. நடுவுல மாற்றுச் சேனல்ல போனது ஒரே ஒரு அழைப்பு. அதைத்தான் இன்னிக்குக் காலையில ஆர்விலுக்குப் போட்டிருக்காங்க. நேரத்தை வெட்டினவன் அந்த வாக்கியத்தை விட்டுட்டான். உன் காதுக்கு அது சாதாரணமா இருந்துச்சு. நீ அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்ப?"

"என்ன உளர்ற?"

"அழைப்புப் போனது அஞ்சு நாப்பத்திநாலு. நீ எப்ப போய்ச் சேர்ந்த?"

வேட் மேசையிலிருந்து கையை எடுத்தான்.

"ஆர்வில் முழு வீடியோவையும் பாத்துட்டார், இல்லையா? டிவியில வராத பகுதியையும். 'அந்த அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு'ன்னு நேத்துச் சொன்னது உன்கிட்டத்தான்."

வேட் அவிலாவைப் பார்த்தான், சந்துவைப் பார்த்தான். சந்து நாற்காலியை ஓசையின்றி நகர்த்திக்கொண்டார்.

"வக்கீல் வேணும்," என்றான் வேட்.

மாலை 6.50.

வேட்டின் மடிக்கணினியில் ஜனவரி ஒலிப்பதிவு முழுசாக இருந்தது. கடைசியில் யெசேனியாவின் குரல் மணி சொன்னது. வெட்டிய பிரதி முந்தின நாள் மாலையில் செய்தது. வேனில் ஒரு கை ரேடியோ. கேமரா முக்காலியின் இரும்புக் காலில், துடைத்த பிறகும் மீந்த ரத்தம். பஞ்சாலை அருகே காத்திருந்து அழைப்பைப் போட்டிருக்கிறான், பின்னாலேயே போயிருக்கிறான், கேமராவோடு இறங்கி வெள்ளைக்குள் நடந்த ஆர்விலைப் பின்னந்தலையில் அடித்திருக்கிறான். வருகிற முதல் வண்டிக்காக ரோட்டில் கிடத்திவிட்டுப் போயிருக்கிறான். வந்தது ரோகெலியோ.

ஜனவரி மூல வீடியோவும் இருந்தது. வேட் போய்ச் சேர்ந்தது ஐந்து நாற்பத்தெட்டுக்கு. அப்போது நெருப்பு இல்லை, புகை மட்டும்தான். கண்ணாடிக்குள் ஒரு கை அசைந்தது. நாலு நிமிடம் கேமரா ஆடாமல் நின்றது. பிறகு தீ பிடித்தது.

"நீங்க பாக்க வேண்டியதில்ல," என்றார் அவிலா.

யெசேனியா பார்த்தாள். முடியும் வரை பார்த்தாள். பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவிலா விளக்கைப் போட எழுந்து, போடாமலே திரும்பி உட்கார்ந்தார்.

ரோகெலியோவை அன்றிரவு ஏழேகாலுக்கு விட்டார்கள். வழக்கு இல்லை. டேங்கர் ஏறுவதற்கு முன்பே ஆர்விலின் உயிர் போயிருந்தது என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. அவனிடம் அதை எத்தனை முறை சொன்னாலும் தலையை ஆட்டிக்கொள்வான். அதன் பிறகு லாரி ஓட்டவில்லை. வாதுமைக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறான். வேட் கெமரர் குற்றத்தை ஒப்புக்கொண்டான், இருபத்தேழு வருஷம். சந்து அடுத்த கோடையில் கேமராவை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போனார். ஆர்விலுக்கு உறவு யாரும் வரவில்லை, நாங்கள் ஆறு பேர் அடக்கம் செய்தோம். டேனிலோவின் அம்மாவிடம் வெள்ளிக்கிழமை காலை யெசேனியாவே போய்ச் சொன்னாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மார்ச்சில் அவள் அவசர அழைப்பு மையத்தில் பழைய வேலைக்கே திரும்பிப் போனாள். காலை ஷிப்ட்.