உரைகாது

கணபதிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க நின்றவர்களில் பாதிப் பேர் வலி தாங்காமல் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும். வீட்டில் மனைவி சரஸ்வதியும் அப்படித்தான் நிற்கிறாள் என்பதால் வரவில்லை.

எல்லாம் செவிமணி செய்கிற வேலை. காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கிற அரிசி அளவுப் பொறி. பாட்டு, போன், பஸ் வருகிற சேதி, ரேஷன் கடைக் கூப்பாடு எல்லாம் அதன் வழியாக நேரே நரம்புக்குப் போய்விடும். அமுக்கினால் அமரும், ஆனால் ஒரு மணி நேரத்தில் தானே விழித்துக்கொள்ளும். மழை வெள்ள எச்சரிக்கைக்காக என்று கம்பெனிக்காரன் சொன்னான். விளம்பரத்துக்காக என்று சென்னியப்பன் சொன்னார்.

அவர் மட்டும் பதித்துக்கொள்ளவில்லை. எவனோ செய்ததை மண்டைக்குள் வைக்க அவர் என்ன மடையனா? முன்னறையில் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், நடுவே ஆம்ப்ளிஃபயர். மாவு மில் ஓட்டிச் சம்பாதித்ததில் பாதி அங்கேதான் நிற்கிறது. நாற்காலி நகர்ந்துவிடக் கூடாது என்று தரையில் பெயிண்டால் நாலு புள்ளி வைத்திருந்தார். பாட்டுக் கேட்காத ஆள் அந்த ஊரில் கிடையாது. பாட்டு எப்படிக் கேட்கிறது என்று கவலைப்பட்ட ஆளும், அவரை விட்டால், கிடையாது.

குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் அவர் சத்தத்தை அளக்கச் சுவரில் ஓசைமானி ஒன்றை அறைந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பச்சை விளக்கைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் நேற்றுக் கைவிரித்துவிட்டார். மணியைத் தோண்டினால் காது போகும். தோண்டாமல் இப்படியே வலி நீடித்தால் இந்த மாதத்துக்குள் நரம்பே கருகும். ஊர் முழுக்க இதே கதைதான் என்றார்.

"அன்னைக்கே சொன்னேன், வேண்டாம்னு" என்றார் சென்னியப்பன், காய்ப் பையை வைத்தபடி.

"ஆமாங்க, சொன்னீங்க. அதைச் சொல்லிச் சொல்லியே வலிய எடுத்துப்போடுங்க, பாக்கலாம்" என்றாள் சரஸ்வதி. கண்ணில் நீர் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. தோளில் கருவிப் பையோடு ஒரு பெண். நிலோபர் என்று பெயர் சொன்னாள். செவிமணிக் கம்பெனி என்றாள். சென்னியப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பெட்டியத் தூக்கீட்டுப் போக வந்தியாம்மா?"

"இல்லீங்கய்யா. கையெடுத்துக் கும்பிட வந்தேன்."

உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விஷயத்தை அவிழ்த்தாள். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று செவிமணிக்குத் தானாகத் தெரியாது. அறையில் உட்கார்ந்து, காற்றில் வருகிற ஒலியைக் கவனமாகக் கேட்கிற மனிதர்களுக்கு எது திருப்தியோ, அதுதான் அளவு. அப்படிப்பட்டவர்களுக்குக் கம்பெனியில், உரைகல் மாதிரி, உரைகாது என்று பெயர். போனும் அறிவிப்பும்கூட அந்த அளவில்தான் போகின்றன.

"முன்னாடி இந்த ஜில்லாவுல பத்துப் பதினஞ்சு பேர் இருந்தாங்க. எல்லார்த்தையும் சேத்துச் சராசரி எடுத்தோம். ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க. இப்ப நீங்க ஒருத்தர்தாங்கய்யா."

"இத்தனை லட்சம் சனத்துல பதினஞ்சு பேரா?"

"அதுவே அதிகம்னு எங்க மேனேஜர் சொல்வாருங்க."

"என்னைய எப்பக் கேட்டீங்க நீங்க?"

அவள் சுவரில் அறைந்திருந்த ஓசைமானியைப் பார்த்தாள். பச்சை விளக்கு மினுக்கியது. சென்னியப்பனுக்கு ரத்தம் கொதித்தது. கூடவே, வெட்கமில்லாமல், நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. ஜில்லாவுக்கே நான்தானா! அடுத்த நொடி சரஸ்வதியின் முகம் கண்ணில் பட்டு, பெருத்ததெல்லாம் இறங்கிப் போனது.

"எங்க கருவியில பாத்தா எல்லாமே உங்களுக்கு ஒத்துத்தான் போகுது. ஆனா ஊரே வலியில துடிக்குது. பெட்டியில ஏதாச்சும் மாத்துனீங்களாய்யா?"

"வச்ச எடத்துல இருந்து ஒரு நூல் நகத்தினதில்ல!"

சத்தியமாக அப்படித்தான் நம்பினார்.

சரஸ்வதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காதின் பின்னால் அமுக்கி மணியை அமர்த்தினாள். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டி வாங்கிய நாளிலிருந்து அவள் அதில் உட்கார்ந்ததில்லை. "போடுங்க. நானுங் கேட்டுப் பாக்கறேன்."

பஜனைப் பாட்டு ஒன்றைப் போட்டார். அரை வரி தாங்கவில்லை.

"நிறுத்துங்க! தகரத்துல ஆணி கீறறாப்புல இருக்குது. எம்மண்டைக்குள்ள கேக்கறது இதேதானுங்க! இத்தனை வருசமா இதையா கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

நிலோபரும் காதிலிருந்து கையை எடுத்தாள்.

சென்னியப்பன் குனிந்து, கீச்சு ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழைப் பார்த்தார். வாங்கியபோது வெள்ளைப் புள்ளி உச்சியில் இருந்தது. இப்போது வலது ஓரத்தில் கிடந்தது. தூசு தட்டும்போதெல்லாம், பெட்டிக்கு வயசாகிவிட்டது, ஜால்ரா மங்குகிறது என்று மயிரிழை திருப்பியிருக்கிறார். பழைய இடத்தில் வைப்பதாகத்தான் நினைத்தார். மங்கியது அவர் காது. மில் மோட்டார் பக்கத்தில் ஆயுசைக் கழித்த காது. விசில் வரவில்லை என்று மூன்று குக்கர் மாற்றிய காது.

அவர் குமிழைப் பிடித்தார். "நீயே சொல்லு புள்ள."

"இன்னுங் கொறைங்க. இன்னும். ம்... நிறுத்துங்க. இதுதான் பாட்டு."

புள்ளி உச்சிக்கு வந்திருந்தது. அவருக்கு யாரோ பெட்டிமேல் மெத்தையைப் போட்டு மூடியது போல இருந்தது.

"நாளைக்குள்ள எல்லாருக்கும் சரியாயிரும்" என்றாள் நிலோபர். "ஆனா நீங்க தினமும் உக்காந்து, குமிழைத் தொடாம, பாட்டு முடியற வரைக்கும் கேக்கணுங்கய்யா. எந்திரிச்சீங்கன்னா பிடிக்கலைன்னு எடுத்துக்கிட்டு அளவை மாத்திரும்."

"வேற ஆளே இல்லையா?"

"தேடாம இருப்பமா? இலவசமாப் பொட்டி தர்றோம்னாலும் வேணாங்கறாங்க. பாட்டுதான் கேக்குதே, இன்னும் என்னங்கறாங்க."

"இவ உக்காரட்டும். இவ காது நல்ல காது."

"எனக்கு அடுப்புல வேலை கெடக்குது" என்று சரஸ்வதி எழுந்து போய்விட்டாள். பாட்டு பாதியில்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சென்னியப்பன் நாலு புள்ளிக்குள் உட்கார்ந்திருந்தார். மெத்தைக்கு அடியில் யாரோ பாடினார்கள். சமையலறையில் சரஸ்வதி காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, கூடவே முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.

"ஏனுங்க, ஜால்ரா இன்னைக்குத்தான் இனிப்பாக் கேக்குது. உங்களுக்கு?"

"கேக்குது, கேக்குது."

வலது கை தானாக எழுந்து குமிழை நோக்கிப் போனது. பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிய இன்னும் நேரம் இருந்தது. சுவரில் பச்சை விளக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.